ஹிஸ்டமின் குறைந்த சாப்பாட்டில் ஒட்டரிசி: திருகோணமலை அடுப்படியிலிருந்து சில பதில்கள்

எங்கள் அக்காவுக்கு ஹிஸ்டமின் கூடிய சாப்பாடு ஒத்துக்கொள்வதில்லை. வைத்தியர் சொன்னபடி அவருக்கு வீட்டில் பார்த்துப் பார்த்துச் சமைக்கிறோம். அடுப்படி என் பொறுப்பு. 'ஸ்டிக்கி ரைஸ்' என்று பொதியில் எழுதி வரும் ஒட்டரிசி அவருக்கு நன்றாக ஒத்துப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து சொந்தக்காரர், அயலவர், அக்காவைப் போலவே கஷ்டப்படுகிற சிலர் என்று பலரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. மருந்து, பரிசோதனை பற்றிய முடிவுகளை உங்கள் வைத்தியரிடமே கேளுங்கள்.

ஹிஸ்டமின் என்றால் என்ன? அது சாப்பாட்டுக்குள் எப்படி வருகிறது?

நம் உடம்பே உண்டாக்கும் ஒரு பொருள்தான். நுளம்பு கடித்த இடம் தடித்து அரிப்பதும், தூசு பட்டால் மூக்கு ஒழுகுவதும் அதனால்தான். இரைப்பையில் அமிலம் சுரக்கவும் அது வேண்டும்.

சாப்பாட்டில் அது உண்டாகும் வழி வேறு. மீன், இறைச்சி, பால் போன்றவற்றின் புரதத்தில் ஹிஸ்டிடின் என்றொரு அமினோ அமிலம் இருக்கிறது. சில பக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதனால் புரதம் நிறைந்த எதுவும் சூட்டில் கிடந்தாலோ, புளித்தாலோ, மாதக்கணக்கில் பதப்படுத்தி வைத்தாலோ ஹிஸ்டமின் கூடும். கருவாடு, மாசி, பழைய சீஸ், சோயா சோஸ் எல்லாம் இந்தக் கூட்டம்.

சாப்பாட்டோடு உள்ளே போகும் ஹிஸ்டமினைக் குடலில் உள்ள டீஏஓ என்ற நொதி உடைத்துவிடும். அது போதாதவர்களுக்கு முகம் சிவக்கும், தலை இடிக்கும், தோல் தடிக்கும், மூக்கு அடைக்கும், வயிறு ஊதும், நெஞ்சு படபடக்கும். எல்லோருக்கும் எல்லாம் வராது. ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு துளி இறால் பட்டாலே போதும். இங்கே அப்படியில்லை, அளவுதான் கணக்கு. காலையில் கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம் என்று சேர்ந்து இரவில் ஆளைப் படுக்கவைக்கும். அதனால்தான் எது தங்களுக்கு ஆகவில்லை என்று பலருக்குப் பிடிபடுவதே இல்லை.

அப்படியானால் ஒட்டரிசி சாப்பிடலாமா?

சாப்பிடலாம். சோற்றரிசியும் ஒட்டரிசியும் ஒரே இனம், வேறுபாடு மாச்சத்தில்தான். சோற்றரிசியில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு வகை மாச்சத்தும் உண்டு. ஒட்டரிசியில் அமைலோஸ் இல்லை என்றே சொல்லலாம்; கிட்டத்தட்ட முழுவதும் அமைலோபெக்டின். அதனால்தான் அவிந்ததும் பசைபோல ஒட்டிக்கொள்கிறது. ஒட்டுவதற்கும் ஹிஸ்டமினுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அரிசியில் புரதம் நூற்றுக்கு 7 பங்கு அளவில்தான் இருக்கிறது, அதிலும் ஹிஸ்டிடின் கொஞ்சம். சுவிட்சர்லாந்தில் இந்தப் பிரச்சினை உள்ளவர்களுக்காக இயங்கும் சிகி என்ற அமைப்பின் உணவுப் பட்டியலிலும் அரிசி நன்றாக ஒத்துக்கொள்ளும் வரிசையில்தான் இருக்கிறது.

பிரச்சினை வருவது மூன்று இடங்களில்: ஊறவைப்பதில், ஆக்கிய பிறகு வைத்திருப்பதில், கூடவே என்ன சாப்பிடுகிறோம் என்பதில். கீழே வரும் பதில்களில் முக்கால்வாசி இவற்றைப் பற்றித்தான்.

'குளூட்டினஸ்' என்று போட்டிருக்கிறதே, குளூட்டன் இருக்கிறதா?

இல்லை. கோதுமையில் உள்ள குளூட்டன் எந்த அரிசியிலும் இல்லை. கோதுமை ஆகாதவரும் தாராளமாகச் சாப்பிடலாம்.

வாங்கும்போது எப்படி அடையாளம் காண்பது?

நம் ஊர்ச் சந்தையில் இது சாதாரணமாகக் கிடைக்கும் சாமான் இல்லை. கொழும்பில் பெரிய கடைகளில் வாங்கி அனுப்புகிறார்கள், இல்லையென்றால் மலேசியா, தாய்லாந்து போய் வருபவர்கள் கொண்டுவருகிறார்கள். பொதியைப் பிரித்து ஒரு கை அரிசியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நம் பச்சையரிசி கண்ணாடித் துண்டுபோல மங்கலாக ஊடு தெரியும். ஒட்டரிசி சோக்குக் கட்டிபோல வெள்ளைவெளேரென்று, ஊடு தெரியாமல் இருக்கும். அவிந்ததும் இது தலைகீழாகிவிடும்: ஒட்டரிசி பளபளவென்று ஊடு தெரியும்.

செட்டிநாட்டுப் பக்கம் கல்யாண வீடுகளில் செய்யும் கறுப்புக் கவுனியும் ஒட்டரிசி வகைதான். தவிடு நீக்காததால் ஊறவும் அவியவும் கூடுதல் நேரம் எடுக்கும். மற்றபடி இங்கே சொல்வதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும் என்கிறார்களே?

லாவோஸிலும் தாய்லாந்தின் வடகிழக்கிலும் அப்படித்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு அது சரி. ஹிஸ்டமின் பார்க்கும் வீட்டில், அதுவும் திருகோணமலை வெயிலில், நான் அப்படிச் செய்வதில்லை. சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை இங்கே இரவிலும் அடுப்படி வெக்கை தணியாது. மாலை ஊறப்போட்ட அரிசியை விடியப் பார்த்தால் தண்ணீரில் சின்னச் சின்னக் குமிழ் நிற்கும், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் இலேசான புளிப்பு வாசம் வரும். அது புளிக்கத் தொடங்கிவிட்டது. அரிசியில் புரதம் குறைவு என்பதால் மீனில் போல ஹிஸ்டமின் ஏறிவிடாதுதான். ஆனாலும் விலக்கிச் சாப்பிடும் காலத்தில் புளித்ததை எதற்கு உள்ளே விட வேண்டும்?

இரண்டு வழி இருக்கிறது. அரிசியை நாலைந்து தண்ணீரில் கழுவி, கை பொறுக்கும் சூடான தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவிடலாம். நகத்தால் அழுத்தினால் மணி சட்டென்று உடைய வேண்டும், உடைந்தால் போதும். அல்லது இரவு முழுக்க ஊறவேண்டும் என்றால் பாத்திரத்தை மூடி பிரிட்ஜுக்குள் வையுங்கள். எந்த வழியானாலும் ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் இன்னொரு முறை அலசித்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும்.

அவிப்பதற்கு மூங்கில் கூடை வேண்டுமா?

வேண்டாம். புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி இருக்கிறதே, அது போதும். லாவோஸ்காரர் ஒட்டரிசி அவிக்கும் மூங்கில் கூடையும் கூம்பு வடிவம்தான், நம் பனையோலை நீத்துப்பெட்டியும் கூம்புதான். ஆவி கீழிருந்து ஏறிப் பக்கமெல்லாம் பரவுவதற்கு இதைவிடத் தோதான பாத்திரம் நான் காணவில்லை.

ஊறிய அரிசியை நன்றாக வடியவிடுங்கள். ஈரம் சொட்டச் சொட்டப் போட்டால் அடி களியாகி, நடு வேகாமல் நிற்கும். நீத்துப்பெட்டிக்குள் மெல்லிய பருத்தித் துணி விரித்து அரிசியைத் தளர்வாகப் போடுங்கள், அழுத்தக் கூடாது. பானைத் தண்ணீர் கொதித்து ஆவி வந்த பிறகுதான் பெட்டியை வைக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் துணியோடு தூக்கி, கீழ் மேலாகப் புரட்டி, திரும்ப வைத்து இன்னும் பத்து நிமிடம். ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பாருங்கள்: நடுவில் வெள்ளைப் பொட்டு இல்லாமல், மெல்ல மெல்ல இழுபட வேண்டும். இறக்கியதும் அகலமான தட்டில் கொட்டி மரக்கரண்டியால் பரப்பி ஆவியை வெளியே விடுங்கள். இதைச் செய்யாமல் மூடிவைத்தால் மேலே தண்ணீர் கட்டிச் சொதசொதத்துவிடும்.

நீத்துப்பெட்டி இல்லாத வீட்டில் இடியப்பத் தட்டில் துணி விரித்தும் அவிக்கலாம். ரைஸ் குக்கரில் தண்ணீர் குறைத்து வைப்பவர்களும் உண்டு; சோறு வரும், ஆனால் அந்த மணிமணியான ஒட்டல் வராது.

காலையில் ஆக்கியதை இரவு சாப்பிடலாமா?

மேசையில் மூடி வைத்திருந்ததென்றால் வேண்டாம். இதற்கு ஹிஸ்டமினைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அரிசியில் பசில்லஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்திகள் இருக்கும். அவித்தாலும் சாகாது. சோறு இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை விடும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. இது ஹிஸ்டமின் பிரச்சினை உள்ளவருக்கு மட்டுமல்ல, வீட்டில் எல்லோருக்கும் ஆபத்து.

நான் செய்வது இதுதான். சாப்பிட வேண்டியதைச் சுடச்சுடச் சாப்பிடக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஆறவிட்ட உடனேயே கைப்பிடி அளவாகத் தட்டையாகத் தட்டி, ஒவ்வொன்றாகச் சுற்றி உறைபெட்டிக்குள் வைத்துவிடுவேன். இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்கக் கூடாது. நம் வெயில் காலத்தில் ஒரு மணி நேரமே எனக்கு அதிகமாகப் படும். தேவைப்படும்போது உருகவிடாமல் நேரே ஆவியில் பத்து நிமிடம். ஒட்டரிசியின் நல்ல குணம் இதுதான்: உறைந்து உருகினாலும் மெதுமை திரும்பி வந்துவிடும். நம் சம்பாச் சோற்றை அப்படி வைத்துப் பாருங்கள், விறைத்துப் பிளந்துபோகும். மின்சாரம் நெடுநேரம் நின்று பொதிகள் உருகிக் கிடந்தால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.

மீன் இல்லாமல் எப்படிச் சாப்பிடுவது?

திருகோணமலையில் பிறந்தவருக்கு இது சின்னக் கேள்வி இல்லை. மீனை முழுதாக விடத் தேவையில்லை. எந்த மீன், எத்தனை மணிக்குப் பிடித்தது என்று பார்க்க வேண்டும்.

சூரை, கும்பளா, அறக்குளா, சூடை, சாளை, நெத்தலி இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் இயல்பாகவே கூட. பனிக்கட்டி இல்லாமல் வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே ஹிஸ்டமின் ஏறத் தொடங்கிவிடும். ஏறியதை எந்தச் சமையலும் இறக்காது. பொரித்தாலும் கொதிக்கவைத்தாலும் உறையவைத்தாலும் அது அப்படியே இருக்கும். கெட்ட வாசம் வருவதற்கு முன்பே ஏறிவிடும் என்பதால் மூக்கை நம்பியும் பயனில்லை. மிக அதிகமாக ஏறிய மீனைச் சாப்பிட்டால் எந்த நோயும் இல்லாத ஆளுக்கே நாக்கு எரிந்து, முகம் சிவந்து, தலை இடிக்கும். பலர் அதை 'சூரை அலர்ஜி' என்று நினைத்துக் காலம் முழுக்க ஒதுக்கிவிடுகிறார்கள். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், மீனில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் ஹிஸ்டமினைத் தாண்டக் கூடாது என்று எல்லை வைத்திருக்கிறது. அது சுகமான ஆட்களுக்கான எல்லை. அக்கா போன்றவர்களுக்கு அதைவிட மிகக் குறைந்த அளவே கஷ்டம் கொடுக்கும்.

விளைமீன், கொடுவா போன்ற வெள்ளைச் சதை மீன்கள் நல்லது. கொட்பேயிலோ திருக்கடலூர்க் கரையிலோ காலையில் வள்ளம் வந்ததும் வாங்கி, அங்கேயே குடலை எடுக்கச் சொல்லி, பனிக்கட்டியோடு கொண்டுவந்து, வந்த கையோடு சமைத்து அந்த வேளையிலேயே சாப்பிட்டு முடிக்க வேண்டும். 'இன்று பிடித்ததா' என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். 'எத்தனை மணிக்கு வலை இழுத்தீர்கள், ஐஸ் போட்டீர்களா' என்று கேளுங்கள். தெரிந்த மீன்காரர் ஒருவரைப் பிடித்துவைத்து, வீட்டில் நோயாளிக்கு என்று விளங்கப்படுத்திச் சொல்வது இன்னும் நல்லது. எங்களுக்கு மீன் தரும் அண்ணை நல்ல மீன் இல்லாத நாளில் 'இண்டைக்கு வேண்டாம் தங்கச்சி' என்று அவராகவே சொல்லிவிடுவார்.

முந்தாநாள் மீன்குழம்பு ருசி கூட என்பது உண்மை. ஆனால் அக்காவின் தட்டுக்கு அது வரக் கூடாது. கருவாடு, மாசிச் சம்பல், ரின் மீன், இறால், நண்டு, கணவாய் எல்லாவற்றையும் முதல் கட்டத்தில் ஒதுக்கிவிடுங்கள்.

மீன் கிடைக்காத நாளில்?

பூசணிக்காய்ப் பால்கறி, புடலங்காய், பீர்க்கங்காய், கரட், அன்றைக்கே அறுத்து அன்றைக்கே ஆக்கிய கோழி. மஞ்சளும் சீரகமும் போட்டுச் சொதி வைத்துத் தேசிக்காய் பிழியாமல் இறக்கினால் ஒட்டரிசிக்கு நன்றாகச் சேரும். தக்காளி, கத்தரிக்காய், வினாகிரி, ஊறுகாய் வேண்டாம். பருப்பு சிலருக்கு ஆகும், சிலருக்கு ஆகாது. பிறகு சோதித்துப் பார்க்கலாம்.

தேங்காய்ப்பால் பிரச்சினையா?

பெரும்பாலானோருக்கு ஒத்துக்கொள்ளும். திருவிய உடனே பிழிந்து உடனே பாவியுங்கள். பிழிந்த பால் நம் சூட்டில் சீக்கிரம் புளித்துவிடும். பெட்டிப்பாலில் தடிப்பாக்கும் பசைகளும் பதப்படுத்திகளும் சேர்ந்திருக்கலாம், அவை சிலரின் வயிற்றைக் குழப்பும். தேங்காய்க்குக் குறைவில்லாத ஊரில் பெட்டிக்கு என்ன தேவை?

மாம்பழத்தோடு இனிப்பாகச் செய்யலாமா?

செய்யலாம். ஒட்டரிசியைச் சூடாக இருக்கும்போதே இனிப்பும் உப்பும் கரைத்த கெட்டித் தேங்காய்ப்பாலில் கலந்து, கால் மணி நேரம் மூடி ஊறவிட்டு, மாம்பழத் துண்டோடு கொடுங்கள். மாம்பழம் பொதுவாக ஒத்துக்கொள்ளும் பழங்களில் ஒன்று. நன்றாகக் கனிந்து குழைந்ததை எடுக்காமல், பழுத்தும் இறுக்கமாக இருப்பதைப் பாருங்கள். அன்னாசியும் பப்பாளியும் ஒதுக்கும் பட்டியலில் இருப்பவை, அவற்றை மாம்பழத்துக்குப் பதிலாகப் போடாதீர்கள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் வெளிநாட்டாருக்குச் சமைக்கும் இடங்களில் சாப்பிடுவதென்றால் சோறு எப்போது ஆக்கியது என்று முதலில் கேளுங்கள்.

பழஞ்சோறு, தோசை, அப்பம்?

மூன்றும் புளித்தவை. முதல் கட்டத்தில் வேண்டாம். பழஞ்சோற்றை விடச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் தயிரும் பிசைந்து கையில் உருட்டித் தந்த சாப்பாடு அது. அக்கா அதைத்தான் அதிகம் தேடினார். புட்டும் இடியப்பமும் புளிக்கவைக்காதவை என்பதால் காலைச் சாப்பாட்டுக்குக் குறை வராது. ஒட்டரிசியையே ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து மலேசியாவில் தப்பாய் என்று செய்வார்கள். அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேருங்கள்.

கிண்ணியாச் சட்டித் தயிர்?

பழைய சீஸோடு பார்க்கும்போது தயிரில் ஹிஸ்டமின் குறைவுதான், ஆனால் சட்டிக்குச் சட்டி மாறும். ஆரம்பத்தில் விட்டுவிட்டு, பிறகு அன்றன்றைத் தயிரில் இரண்டு கரண்டி போட்டுச் சோதித்துப் பாருங்கள்.

ஒட்டரிசி கிடைக்கவே இல்லை என்றால்?

நம் பச்சையரிசியில் புக்கையோ பாற்சோறோ செய்யுங்கள். ஒட்டரிசி ஹிஸ்டமினைக் குறைக்கும் மருந்து எதுவும் இல்லை. தேடி அலைந்து காசைக் கொட்டத் தேவையில்லை. இலங்கை நெல்லினங்கள் பெரும்பாலானவற்றில் அமைலோஸ் கூட, அதனால் சோறு உதிரியாக வரும். ஆனாலும் புது நெல் பச்சையரிசியைக் குழைய விட்டுக் கடைசியில் கெட்டிப்பால் ஊற்றிக் கிளறினால் துண்டு போடும் அளவுக்கு இறுகும். தம்பலகாமத்தில் அறுவடை முடிந்து வரும் புது அரிசிக்கு இந்தக் குணம் நன்றாக உண்டு. புக்கைக்குப் போடும் கஜுவை முதலில் விட்டுவிடுங்கள்.

அக்காவுக்கு ஒட்டரிசி பிடித்ததற்குக் காரணம் சாதாரணமானது. கறி குறைந்துபோன தட்டில், கையால் பிய்த்து மென்று சாப்பிட ஒன்று கிடைத்தது. நாலு வாயில் வயிறு நிறைகிறது.

நீரிழிவு உள்ளவர் சாப்பிடலாமா?

இங்கே கவனம் வேண்டும். அமைலோபெக்டின் சீக்கிரம் சமித்துச் சீனியாக இரத்தத்தில் ஏறும். சாதாரணச் சோற்றைவிட ஒட்டரிசி வேகமாக ஏற்றும். இரண்டு பிரச்சினையும் உள்ளவர் சிவப்பரிசிப் பக்கம் போவதுதான் நல்லது. ஆசைக்கு என்றால் ஒரு சின்ன உருண்டை, கூடவே மீனும் மரக்கறியும்.

இரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

டீஏஓ அளவைப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது, ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. முதலில் வைத்தியரைக் கண்டு உணவு ஒவ்வாமை, குடல் நோய்கள் போன்றவை இல்லை என்று உறுதிப்படுத்துங்கள். சில மருந்துகளும் டீஏஓவின் வேலையைக் குறைக்கும். குடித்துக்கொண்டிருக்கும் மருந்துகளின் பட்டியலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். மதுபானமும் அதே வேலையைச் செய்யும், அதை நிறுத்த யாரிடமும் கேட்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வைத்தியரைக் கேட்காமல் இந்த முறையைத் தொடங்காதீர்கள்.

தொண்டை இறுகினாலோ, நாக்கு உதடு வீங்கினாலோ, மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டாலோ, மயக்கம் வந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது. உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை.

எவ்வளவு காலம் இப்படிச் சாப்பிட வேண்டும்?

கண்டிப்பாக விலக்குவது 10 முதல் 14 நாட்கள்தான். ஜெர்மன் மருத்துவர்கள் 2017இல் வெளியிட்ட வழிகாட்டலிலும் இந்தக் கணக்குத்தான் இருக்கிறது. அதற்குள் ஒரு மாற்றமும் தெரியாவிட்டால் காரணம் வேறாக இருக்கலாம், திரும்ப வைத்தியரிடம் போங்கள். குறைந்தால் அடுத்த ஆறு வாரம் வரை விலக்கியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'எதற்கு வீண் வம்பு' என்று எல்லாவற்றையும் நிரந்தரமாக ஒதுக்குபவர்கள் மெலிந்து, சாப்பாட்டைக் கண்டாலே பயப்படும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். அது நோயைவிட மோசம்.

ஒரு கொப்பியில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு ஆக்கியது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, பிறகு என்ன செய்தது என்று எழுதுங்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்கும் நாளில் மற்றதெல்லாம் தெரிந்த சாப்பாடாக இருக்கட்டும். அதற்கு ஒட்டரிசியும் பூசணிக்காய்க் கறியும் நல்ல துணை. மத்தியானத்தில் சேருங்கள், இரவில் வேண்டாம். கால் தோசையில் தொடங்கி, இரண்டு நாள் பார்த்து, சரி என்றால் அரைத் தோசை. அக்கா இப்போது அப்பம் சாப்பிடுகிறார், தயிரும் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறார். கருவாடு இன்னும் ஆகவில்லை.